தன்னார்வலர் நடத்தும் சாரணர் படை: பொறுப்பாளர் ஊரைவிட்டுப் போகும்போது படையை எப்படிக் காப்பது?

தேவிபட்டினம் தொண்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பள்ளி எதையும் சாராத சாரணர் படை ஒன்று சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. மாவட்ட அமைப்பில் முறைப்படி பதிவு செய்த படைதான். ஆனால் சம்பளம் வாங்குகிறவர் இதில் ஒருவரும் இல்லை. படையைத் தொடங்கி வளர்த்த அண்ணன் விரைவில் வேலைக்காகச் சவூதிக்குப் புறப்படுகிறார். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிற கடற்கரை இது; அவர் போவதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. துணைக்கு நின்ற நானும் இன்னொருவரும் இப்போது பொறுப்பை ஏற்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: அவரைப் போல இன்னோர் ஆளைத் தேடிப் பிடியுங்கள் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படி ஒருவர் கிடைத்தாலும் இடமாற்றம், திருமணம், வெளிநாடு என்று அவரும் ஒருநாள் போகத்தான் செய்வார். பையன்கள் மறுபடியும் நடுவழியில் நிற்பார்கள். சாரண இயக்கத்தின் அமைப்பே இதற்கான விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் இருபது பையன்கள் அளவில்தான் இருந்தார்கள். அவர்களையும் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை என்று நம் விதிகள் வரையறுப்பதும் ஒரு பதினான்கு வயதுப் பையன் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை அது என்பதால்தான். படையை நடத்துகிற பெரியவர் அணித் தலைவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். அவர்கள் தங்கள் அணிக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

நடைமுறையில் நம் பக்கத்துப் படைகள் பலவற்றில் நடப்பது வேறு. பெரியவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். கயிற்றுப் பெட்டியின் சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வராத நாளில் கூட்டம் இல்லை. இந்த நிலையை மாற்றி, பையன்களே நடத்துகிற படையாக இதைக் கொண்டுவர விரும்புகிறேன். கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கம் படை நடத்துகிறவர்களும், பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், இராமநாதபுரம் எழுதியது:

தம்பி, உங்கள் எண்ணம் சரியானது. ஆனால் அணிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்த அண்ணன் விமானம் ஏறுவதற்குள் ஒவ்வொரு பையனுடைய பதிவேட்டையும் அவர் கையாலேயே முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டு வாங்கிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்ற தகுதிப் படிகள், அதன்பின் ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருது, கடைசியாகக் குடியரசுத் தலைவர் விருது என்று ஒரு பையன் படிப்படியாகத்தான் ஏற முடியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். மேல்நிலை விருதுகளுக்கு வயது வரம்பும் உண்டு. இடையில் ஒரு தேதி எழுதப்படாமல் விட்டுப்போனால், புதிதாக வருகிற ஆசிரியர் அந்தப் படியை மறுபடியும் நடத்த வேண்டியிருக்கும். அதற்குள் பையனுக்கு வயது கடந்துவிடும். எல்லா முடிச்சும் தெரிந்த, முதலுதவியில் தேர்ந்த பையன் ஒருவன், தேதி எழுதிய தாள் ஒன்று இல்லாத காரணத்தால் ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குப் போக முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ரயில்வே வேலைவாய்ப்பில் சாரணர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருக்கிறது; மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழுக்காகவே படையை நடத்தக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. விருதுத் தேர்வு நெருங்கும்போது மட்டும் பையன்களைக் கூட்டிப் பாடம் ஒப்பிக்க வைக்கிற வழக்கம் இந்த இயக்கத்துக்கு நாம் செய்கிற கேடு. ஆனால் உண்மையாக உழைத்த பையனுக்கு உரிய தாள் கிடைக்காமல் போவதும் அதே அளவு கேடுதான்.

இன்னொன்று. நீங்களும் உங்கள் துணைவரும் அடிப்படைப் பயிற்சி முகாமுக்கு உடனே பெயர் கொடுங்கள். ஒருவர் மட்டும் போய்விட்டு வந்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது போதாது. படையில் தகுதி பெற்ற பெரியவர் எப்போதும் இருவராவது இருக்க வேண்டும்.

கீழக்கரை முன்னாள் சாரணன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கூட்ட நாளைப் பற்றி நான் சிறிது எழுதுகிறேன். பல படைகள் கலைவது இந்தச் சிறிய விஷயத்தில்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துப் பையன்கள் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். ஞாயிறு காலையில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் பூசைக்குப் போவார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் ஞாயிறு முழுவதும் டியூஷன். கரைவலை இழுக்கிற நாளில் சில பையன்கள் அங்கே போய் ஒரு பங்கு வாங்கி வீட்டில் கொடுக்கிறார்கள். அந்தப் பையனை வராதவன் என்று பெயர் நீக்குவது அநியாயம். நாங்கள் பெற்றோரைக் கூட்டிவைத்துக் கேட்டு, அஸர் தொழுகை முடிந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் முடிகிற மாதிரி சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தோம். ரமலான் மாதத்தில் ஓட்டமும் ஆட்டமும் இல்லாமல் வரைபடம் படிப்பது, முதலுதவி, கட்டுப்போடுவது என்று உட்கார்ந்து செய்கிற பயிற்சிகளை வைத்துக்கொண்டோம். நோன்பு வைத்த பையனும் வைக்காத பையனும் ஒரே கூடத்தில் சங்கடமில்லாமல் இருந்தார்கள்.

முகாம் சமையலில் அசைவம் வைத்தால் இறைச்சி யாரிடம் வாங்குவது என்ற கேள்வி வரும். மீன் வாங்கினால் அந்தக் கேள்வியே இல்லை, கடற்கரையில் இருக்கிற நமக்கு அதுவே இயல்பும் கூட. சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துவிட்டால் போதும்.

அணிகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், அண்ணன். உங்கள் அணிகள் தெருவாரியாகப் பிரிந்திருக்கின்றனவா, கலந்திருக்கின்றனவா?

தேவிபட்டினம் தொண்டர் எழுதியது:

இப்போது தெருவாரியாகத்தான் இருக்கின்றன. ஒரே தெருப் பையன்கள் என்றால் வார நாளிலும் தாங்களாகக் கூடிப் பயிற்சி செய்ய முடியும். அணித் தலைவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட முடியும். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மற்றவனுக்கு உடனே தெரியும். அணி என்பது இயல்பாகச் சேர்ந்து திரிகிற நண்பர் கூட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆதியிலிருந்த கருத்து என்று அண்ணனும் சொல்வார்.

கீழக்கரை முன்னாள் சாரணன் எழுதியது:

அந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் நம் ஊர்களில் தெரு என்பது வெறும் தெரு இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தெருவாரியாக அணி பிரித்தால் சாதிவாரியாகவும் மதவாரியாகவும் பிரித்ததாகவே முடியும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிற நாடாவைத் தோளில் குத்துகிறோம். தென்மாவட்டப் பள்ளிகளில் கைக்கயிற்றின் நிறம் எதற்கெல்லாம் அடையாளமாகியிருக்கிறது என்பதையும், நீதியரசர் கே. சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில் அப்படிப்பட்ட கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்ததையும் நினைத்துப் பாருங்கள். நாம் கொடுக்கிற நாடா, ஊரில் ஏற்கெனவே இருக்கிற பிரிவினைக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். பிரவுன்சீ முகாமை நீங்களே குறிப்பிட்டீர்கள். அங்கே வசதியான வீட்டுப் பையன்களையும் உழைக்கும் வர்க்கத்துப் பையன்களையும் வேண்டுமென்றேதான் ஒரே அணியில் கலந்தார்கள். 1907இன் இங்கிலாந்தில் அது எளிதான காரியம் இல்லை.

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், இராமநாதபுரம் எழுதியது:

இந்த விஷயத்தில் கீழக்கரைத் தம்பியின் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் ஒரே நாளில் கலைத்துப்போட்டால் பாதிப் பையன்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். நண்பர்கள் இருவரைச் சேர்த்தே வைத்து, இரண்டு இரண்டு பேராக வெவ்வேறு தெருவிலிருந்து எடுத்து ஓர் அணியை அமைப்பதே நான் கண்ட வழி. துணைக்கு ஒருவன் இருந்தால் எந்தப் பையனும் புதிய இடத்தில் ஒட்டிக்கொள்வான். பெயர்களையும் மாற்றுங்கள். சிங்கம், புலி என்று வைப்பதற்குப் பதிலாக இந்தக் கரையில் பையன்கள் பார்க்கிற பறவைகளின் பெயரை வைக்கலாம்: பூநாரை, ஆலா, உள்ளான், கூழைக்கடா. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நம் மாவட்டத்திலேயே பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. தன் அணியின் பறவையை நேரில் பார்த்து எழுதிவருவது அணியின் முதல் வேலையாக இருக்கட்டும்.

பாம்பன் படகுக்காரர் எழுதியது:

என் மகன் ஒரு படையில் இருக்கிறான். நான் நாட்டுப்படகில் தொழில் செய்கிறவன். படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் கடலைப் பற்றி நான் சொல்வதைக் கேளுங்கள், தம்பி.

கரையோரத்துப் பையன்களுக்குக் கயிறு தெரியும். என் மகனுக்குப் படையில் முடிச்சுச் சொல்லிக்கொடுத்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கயிறுகளை இணைக்கிற ஷீட் பெண்ட் என்ற முடிச்சைச் சாரண ஆசிரியர் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். இவன் தரையைப் பார்த்துக்கொண்டே, நைலான் நூலின் ஒரு முனையை வளைத்து, மறுமுனையை உள்ளே விட்டுப் பின்பக்கம் சுற்றித் தன்னடியிலேயே செருகி, கட்டைவிரலால் அழுத்தி இழுத்துவிட்டான். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் விழுகிற முடிச்சு அதுதானே. கிழிந்த வலையைப் பொத்துகிற வீட்டில் பிறந்தவனுக்கு அது புதிதில்லை. அந்த ஆசிரியர் பெரிய மனிதர். வரைவதை நிறுத்திவிட்டு, நீயே வந்து மற்றவர்களுக்குக் காட்டு என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து என் மகன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஆனால் இதே பையன்கள்தான் தண்ணீரில் ஆபத்தானவர்கள். பயம் இல்லாதவன் பார்த்துச் செய்யமாட்டான். ஊருக்குள்ளிருந்து வருகிற பையன், கரையோரத்துப் பையன் இறங்குவதைப் பார்த்துத் தானும் இறங்குவான். வடகடல் வாடைக் காலத்தில் கெடும். தென்கடல் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் கெடும். ஒரே நாளில் பாலத்தின் ஒருபக்கம் குளம் மாதிரியும் மறுபக்கம் அலையாகவும் இருக்கும். ஆகவே பாம்பனில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலும் பையன்கள் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று விதி வையுங்கள். கூண்டு எண்களின் பொருளைப் பையன்களே படித்துச் சொல்லும்படி செய்யுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பையன்களை அவர்களிடம் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

முகாமுக்கு நாள் பார்க்கிறீர்கள் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதில்தான் வருகிறது. விசைப்படகில் போகிறவர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். கூப்பிட்டால் வந்து நீச்சலும் துடுப்பும் கற்றுத்தருவார்கள். வெயில் கடுமையானது, அதனால் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், இராமநாதபுரம் எழுதியது:

பாம்பன் அண்ணன் சொன்னதோடு ஒரு பழைய செய்தியைச் சேர்க்கிறேன். 1912 ஆகஸ்ட் 4 அன்று, இலண்டன் வால்வொர்த் பகுதிச் சாரணர்கள் சென்ற பாய்மரப் படகு, ஷெப்பி தீவின் லேஸ்டவுன் கரைக்கு அருகில் திடீரென்று வீசிய காற்றில் கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சாரணர்கள். படகில் பெரியவர்கள் இல்லாமல் இல்லை. கரையும் தொலைவில் இல்லை. பெரியவர் உடன் இருப்பதும் கரை கண்ணில் படுவதும் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மிதவைச் சட்டை அணியாமல் எந்தப் பையனும் படகில் காலை வைக்கக் கூடாது. கரையில் ஒருவர் கயிறு கட்டிய காலிக் கேனுடன் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒருவன் தத்தளித்தால் முதலில் கழியை நீட்டுவது, பிறகு கேனை வீசுவது, பிறகு படகில் போவது, நீந்திப் போவது கடைசி என்ற வரிசை பையன்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் அப்படியே.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. சாகசம் என்று சொல்லி வனத்துறை அனுமதி இல்லாமல் எவரும் பையன்களைத் தீவுக்கு அழைத்துப்போகக் கூடாது. கடல் அட்டை, பவளம் எதையும் நினைவுப் பொருளாகக்கூட எடுக்கக் கூடாது. சட்டப்படி அது குற்றம்.

தொண்டித் தாய் எழுதியது:

தம்பி, எல்லோரும் கடலைப் பற்றி எழுதிவிட்டீர்கள். ஒரு தாயாக நான் கேட்பது கரையைப் பற்றி. இரவு முகாமில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், பெரியவர்கள் எங்கே படுப்பார்கள்? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக அறைக்குள்ளோ வண்டியிலோ இருக்க நேரும்போது என்ன செய்வீர்கள்? நல்லவர் என்று ஊர் முழுக்கச் சொல்லுகிற ஒருவரைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும்? இதற்கெல்லாம் எழுதிவைத்த பதில் இல்லாத படைக்கு என் மகனை அனுப்பமாட்டேன். பதில் இருந்தால், படையின் கணக்கு நோட்டை நானே எழுதித் தருகிறேன். மகளிர் குழுவில் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தேவிபட்டினம் தொண்டர் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டது அத்தனையும் நியாயம். மாவட்டத்தில் கேட்டு, பெற்றோருக்குக் கொடுக்கிற தாளிலேயே இவற்றை எழுதிவிட்டோம். எந்தக் கூட்டத்திலும் பயணத்திலும் பெரியவர் இருவருக்குக் குறையாமல் இருப்பார்கள். பெரியவர்களின் படுக்கை தனி இடத்தில் இருக்கும். ஒரு பையனிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தால் மற்றவர்கள் பார்க்கும்படி வெளியில் நின்றுதான் பேசுவது. பையன்களுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்புவதில்லை. பெற்றோரும் உள்ள குழுவில்தான் எல்லாம். பிள்ளை ஒன்று சொன்னால், சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார் என்று நாங்களே விசாரித்து மூடிவைக்க மாட்டோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது எங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பையன்களின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறோம்.

நீங்கள் தொண்டியில் இருந்தாலும் கணக்குப் பொறுப்பை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருக்க வேண்டும், மாதக் கணக்கைப் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இராமேசுவரம் கல்லூரி மாணவர் எழுதியது:

பதினைந்து வயதில் பையன்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நானும் அந்த வயதில் விலகியவன்தான். சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அதே முடிச்சைப் போடுவது கூச்சமாக இருந்தது. பெரிய பையன்களுக்கான ரோவர் பிரிவில் 25 வயது வரை இருக்கலாம் என்று அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடலுக்குப் போகத் தொடங்கிவிட்ட பையனும், கல்லூரிக்குப் போகிற பையனும் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் போதும். படகு, சமையல், கூடாரம் என்று ஒரு துறையை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் தேடுகிற பொறுப்பாளர் அங்கிருந்துதான் வருவார். சனிக்கிழமைகளில் வர எனக்கு விருப்பம் இருக்கிறது.

தேவிபட்டினம் தொண்டர் எழுதியது:

தம்பி, அவசியம் வாருங்கள். கூடாரப் பொறுப்பு உங்களுக்கே. எங்கள் கரை மணலில் முளைக்குச்சி நிற்பதில்லை. பனைமட்டைத் துண்டைக் கயிற்றின் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்தில் படுக்கைவாட்டில் புதைத்து மணலை மிதித்து இறுக்கினால்தான் காற்றைத் தாங்குகிறது. அதைப் பையன்களுக்குக் காட்டிவிட்டு மற்றதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

இதுவரை நடந்ததை எல்லோருக்கும் தெரிவிக்கிறேன். பதிவேடுகள் அனைத்தும் கையொப்பத்தோடு கைக்கு வந்துவிட்டன. ஒரு பிரதி மாவட்ட அலுவலகத்திலும் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. சார் சொன்னபடி இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து நான்கு அணிகளை மறுபடியும் அமைத்தோம். ஒரு வீட்டில் மட்டும் எதிர்ப்பு வந்தது; அந்தப் பையனின் தாத்தாவை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறோம், இன்னும் அரைமனதாகத்தான் இருக்கிறார். பையன் மட்டும் வருகிறான்.

அணித் தலைவர்கள் நால்வரும் தனியாகக் கூடிப் பேசினார்கள். நானும் துணைவரும் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டோமே தவிர, வாய் திறக்கவில்லை. கயிற்றுப் பெட்டிச் சாவியை மாதம் ஒரு அணி வைத்துக்கொள்வது, ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர் நவபாஷாணக் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்குக் குடிநீர் கொடுக்கும் பணியில் எந்த அணி எந்த நேரத்தில் நிற்பது, சீருடை வாங்க முடியாத இரண்டு பையன்களுக்குக் கழுத்துத்துணி மட்டும் கொடுத்து உறுதிமொழி எடுக்க வைப்பது என்று மூன்று முடிவுகளை எழுதிக் கொடுத்தார்கள். கடைசி முடிவு எங்களுக்குத் தோன்றியிருக்காது. மூன்றையும் மாற்றமில்லாமல் ஏற்றோம்.

நான்காவதாக ஒரு கோரிக்கையும் வைத்தார்கள். மிதவைச் சட்டை பெரியவர்கள் அளவில்தான் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு அதைப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பொருந்துவதை மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ வாங்கியவர்கள் இருந்தால், எந்த அளவு, என்ன விலை, இடுப்புக்குக் கீழே கோர்க்கிற பட்டை இருக்கிறதா என்பதை எழுதுங்கள். அது கைக்கு வரும்வரை படகுப் பயிற்சியைத் தள்ளிவைத்திருக்கிறோம்.